டம்ளரில் தெளிந்த அயோடின் உடம்புக்குள்ளும் தெளியுமா?

கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். உங்கள் அப்பாவுக்கு 61 வயது. எட்டு வருஷமாகச் சர்க்கரை, மாத்திரையில் ஓடுகிறது. பீடியை விட முடியவில்லை. நண்பர் கூப்பிட்டார் என்று ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த கூட்டத்துக்குப் போயிருக்கிறார். மேடையில் ஒருவர் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் அயோடின் மருந்தை ஊற்றியிருக்கிறார். தண்ணீர் செம்பழுப்பானதும் "இதுதான் உங்கள் உடம்பில் சேரும் நச்சு" என்று சொல்லி ஒரு ஸ்பூன் பவுடரைப் போட்டுக் கலக்க, பழுப்பு மறைந்து தண்ணீர் பளிச்சென்று தெளிந்துவிட்டது. கைதட்டல். அன்றிலிருந்து மாதம் 3,400 ரூபாய்க்கு அந்த ஆன்டிஆக்ஸிடன்ட் பவுடர் வீட்டுக்கு வருகிறது. "இதெல்லாம் சாப்பாட்டிலேயே கிடைக்காதா, எதைச் சாப்பிட வேண்டும்?" என்பது நீங்கள் கேட்டது. ஆனால் கடைசி வரியில் போகிறபோக்கில் இன்னொன்று எழுதியிருக்கிறீர்கள்: இதைக் குடிப்பதால் பீடி தன்னை ஒன்றும் செய்யாது என்று அப்பா நம்புகிறார். எனக்கு அதுதான் உண்மையான கேள்வியாகப் படுகிறது.

ஒரு மருத்துவக் கல்லூரியில் 26 வருஷம் உயிர்வேதியியல் பாடம் எடுத்தேன், கூடவே ஆஸ்பத்திரி லேபையும் பார்த்துக்கொண்டேன். மருந்து எழுதும் டாக்டர் இல்லை. அப்பாவின் ரிப்போர்ட் எதையும் பார்க்கவில்லை என்பதால் அவருடைய சர்க்கரை மாத்திரையைப் பற்றி எதுவும் சொல்லப்போவதில்லை. அந்த டம்ளரைப் பற்றியும் உடம்புக்குள் நடப்பதைப் பற்றியும் சொல்ல முடியும்.

டம்ளரிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அந்த வித்தையில் கண்கட்டு எதுவும் இல்லை, அதுதான் அதன் சாமர்த்தியம். அயோடினுக்கு எலெக்ட்ரான் பசி. வைட்டமின் சி எலெக்ட்ரானைத் தாராளமாகக் கொடுக்கும். இப்படிக் கொடுப்பவற்றைத்தான் ஆன்டிஆக்ஸிடன்ட் என்கிறோம். வாங்கிக்கொண்ட அயோடின் அயோடைடு ஆகிவிடும், அயோடைடுக்கு நிறம் கிடையாது. அவ்வளவுதான் சங்கதி. அயோடின் எங்கும் போய்விடவில்லை. அதே டம்ளருக்குள் நிறமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. "நச்சு வெளியேறிவிட்டது" என்றதுதான் கதை. மெடிக்கல் ஷாப்பில் ஓரிரு ரூபாய்க்குக் கிடைக்கும், சப்பிச் சாப்பிடும் வைட்டமின் சி மாத்திரையைப் பொடித்துப் போட்டாலும் இதே தெளிவு வரும். போட்டோ ஸ்டுடியோக்காரர்கள் முன்பு வைத்திருந்த ஹைப்போ உப்பைப் போட்டாலும் வரும். கெமிஸ்ட்ரி மாணவர்கள் லேபில் அயோடினை அளக்க அதைத்தான் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். அதை ஆரோக்கியத்துக்காக யாரும் கலக்கிக் குடிப்பதில்லை.

எங்கள் துறையிலும் இந்த வித்தைக்குக் கொஞ்சம் கௌரவமான அண்ணன் ஒருவர் உண்டு. டிபிபிஹெச் என்று ஒரு கரைசல், கத்தரிப்பூ நிறத்தில் அடர்த்தியாக இருக்கும். அதில் ஏதாவது இலைச் சாற்றை விட்டால் அரை மணி நேரத்தில் வெளிறி மஞ்சளாகும். எவ்வளவு வெளிறியது என்று கருவியில் 517 நானோமீட்டரில் வைத்து அளந்தால் "இத்தனை சதவீத ஆன்டிஆக்ஸிடன்ட் ஆற்றல்" என்று ஒரு எண் கிடைத்துவிடும். புராஜெக்டுக்கு வரும் பிள்ளைகளுக்கு இது ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் இதில் தோல்வியே கிடையாது. கறிவேப்பிலை, முருங்கைக்கீரை, கொய்யா இலை, டீத்தூள், புளியங்கொட்டைத் தோல், எதைக் கொண்டுவந்தாலும் மஞ்சளாகும். ஒரு வருஷம் சலித்துப்போய், கல்லூரி வாசலில் நின்ற அரளியில் நாலு இலை பறித்து வரச் சொன்னேன். அதுவும் ஜோராக மஞ்சளாக்கியது. அரளியைத் தின்றால் என்ன ஆகும் என்று நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அமெரிக்க விவசாயத் துறை "ஓராக்" என்ற பெயரில் ஒவ்வொரு உணவுக்கும் இதே மாதிரி ஓர் எண் போட்டு இணையத்தில் வைத்திருந்தது. கம்பெனிகள் அதை இஷ்டத்துக்கு விளம்பரத்தில் போடுகின்றன, சோதனைக் குழாயில் வரும் எண்ணுக்கும் உடம்புக்குக் கிடைக்கும் நன்மைக்கும் தொடர்பு நிரூபணமாகவில்லை என்று சொல்லி 2012இல் அதை எடுத்துவிட்டது. எடுத்த பிறகும் பாக்கெட்டுகளில் அந்த எண் இன்னும் வந்துகொண்டிருக்கிறது என்பது வேறு விஷயம்.

அப்படியானால் ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் என்பதே கட்டுக்கதையா என்று கேட்பீர்கள். இல்லை, அது நிஜம். சாப்பாட்டை எரித்துச் சக்தி எடுக்கும் வேலை ஏறக்குறைய எல்லாச் செல்லுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்ற அடுப்பில் நடக்கிறது. எலெக்ட்ரான்கள் கைமாறிக் கைமாறிக் கடைசியில் ஆக்ஸிஜனிடம் சேர்ந்து தண்ணீராக வேண்டும். கைமாறும்போது கொஞ்சம் சிந்தும். சிந்திய எலெக்ட்ரானைப் பிடித்துக்கொண்ட ஆக்ஸிஜன்தான் சூப்பர்ஆக்ஸைடு. இதைப் போல, ஜோடியில்லாத எலெக்ட்ரானோடு அலையும் மூலக்கூறுகளை ஃப்ரீ ரேடிகல் என்கிறோம். நாம் மூச்சு விடுகிற வரைக்கும் இவை உண்டாகிக்கொண்டுதான் இருக்கும். புகை, ரத்தத்தில் ஏறிய சர்க்கரை, கதிர்வீச்சு, நாள்பட்ட வீக்கம் எல்லாம் இந்த உற்பத்தியைக் கூட்டும். உற்பத்தி தடுப்பை மிஞ்சிப் போகிற நிலைக்குத்தான் ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் என்று பெயர். ஹெல்முட் சீஸ் என்ற ஜெர்மன் உயிர்வேதியியலாளர் 1985இல் அதற்கு ஓர் இலக்கணம் வகுத்துக் கொடுத்தார்.

இது எப்படிக் கெடுக்கிறது என்று பார்க்க மைக்ராஸ்கோப் வேண்டாம், முறுக்கு டப்பா போதும். தீபாவளிக்குச் சுட்ட முறுக்கு பொங்கல் வரை கிடந்தால் மூடியைத் திறந்ததும் ஒரு சிக்கு வாடை அடிக்கும், நாக்கில் வைத்தால் காறும். எண்ணெயில் உள்ள ஒரு கொழுப்பு மூலக்கூறு முதலில் கெடுகிறது. அது பக்கத்து மூலக்கூறிடமிருந்து பறிக்கிறது, பறிகொடுத்தது அதற்கடுத்ததிடம் பறிக்கிறது. ஒன்றில் ஆரம்பித்தது சங்கிலியாக ஓடும். நம் செல்களின் சவ்வும் கொழுப்பால் ஆனதுதான், அங்கேயும் இதே சங்கிலி ஓடும். அதை நடுவில் அறுப்பதற்காகவே சவ்வுக்குள் வைட்டமின் ஈ உட்கார்ந்திருக்கிறது. நல்லெண்ணெய் மற்ற எண்ணெய்களைப் போலச் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காது, கவனித்திருப்பீர்கள். எள்ளில் இருக்கும் செசமோலின் என்ற பொருள் சூட்டில் உடைந்து செசமால் ஆகிறது. அது எண்ணெய்க்குள் இதே காவல் வேலையைப் பார்க்கிறது.

வைட்டமின் ஈ தன் எலெக்ட்ரானைக் கொடுத்துச் சங்கிலியை அறுத்ததும் வேலை முடிந்துவிடாது. இப்போது அதுவே ஒரு அரைகுறை ரேடிகல். அதை வைட்டமின் சி பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது. வைட்டமின் சியை மீட்பதில், உடம்பே செய்துகொள்ளும் குளுட்டாதயோன் என்ற சின்ன மூலக்கூறுக்குப் பங்குண்டு. குளுட்டாதயோனை மீட்கச் சாப்பாட்டுச் சர்க்கரையிலிருந்து எலெக்ட்ரானைச் சுமந்து வரும் என்ஏடிபிஹெச் என்ற மூலக்கூறு வேண்டும். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும் செங்கல் மாதிரி. நடுவில் ஒருவருக்கு மட்டும் பத்து மடங்கு செங்கல் கொடுத்தால் கட்டடம் எழும்பாது, அவர் காலடியில்தான் குவியும். தனி வைட்டமினை டப்பா டப்பாவாகச் சாப்பிடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லாததற்கு முதல் காரணம் இதுதான்.

அதைவிடப் பெரிய காரணம், தடுப்பில் பெரும்பகுதி நாம் வாங்கித் தின்பதே இல்லை, உடம்பே செய்துகொள்வது. 1969இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜோ மெக்கார்டும் இர்வின் ஃப்ரிடோவிச்சும் சூப்பர்ஆக்ஸைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதியைக் கண்டுபிடித்தார்கள். சூப்பர்ஆக்ஸைடை ஹைட்ரஜன் பெராக்ஸைடாக மாற்றுவது அதன் ஒரே வேலை. அப்புறம் கேட்டலேஸும் குளுட்டாதயோன் பெராக்ஸிடேஸும் அந்தப் பெராக்ஸைடைத் தண்ணீராக்கிவிடும். ஒரு வைட்டமின் மூலக்கூறு ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு எலெக்ட்ரானைக் கொடுத்துவிட்டு ஓய்ந்துபோகும். நொதி அப்படியில்லை, ஒரே மூலக்கூறு நொடிக்கு ஆயிரக்கணக்கில் முடித்துக் கொடுக்கும். இந்த நொதிகள் வேலை செய்யத் தாமிரம், துத்தநாகம், மாங்கனீஸ், செலினியம், இரும்பு வேண்டும். குளுட்டாதயோன் செய்யப் புரதம் வேண்டும், குறிப்பாக சிஸ்டீன் என்ற அமினோ அமிலம். ஆகவே பருப்பும் முட்டையும் மீனும் தயிரும் எந்த ஆன்டிஆக்ஸிடன்ட் விளம்பரத்திலும் வராவிட்டாலும், என் கணக்கில் அவைதான் பட்டியலின் தலையில் வர வேண்டும்.

இது வெறும் பாடப்புத்தகச் சமாச்சாரம் இல்லை. ஆஸ்பத்திரியில் கண்ணால் பார்க்கலாம். பாரசிட்டமாலை அளவுக்கு மீறி விழுங்கியவர்களுக்குக் கல்லீரல் கெடுவது எப்படி? அந்த மாத்திரை உடையும்போது வரும் ஒரு நச்சுப்பொருளைக் குளுட்டாதயோன்தான் பிடித்து அடக்குகிறது. கல்லீரலின் குளுட்டாதயோன் கையிருப்பு தீர்ந்ததும் செல்கள் சாக ஆரம்பிக்கின்றன. அதற்கு முறிவு மருந்து என்அசிட்டைல் சிஸ்டீன், அதாவது குளுட்டாதயோனுக்கான மூலப்பொருள். நேரத்தோடு கொடுத்தால் உயிர் பிழைக்கிறது. ஆன்டிஆக்ஸிடன்ட் சிகிச்சை என்று நான் சந்தேகமில்லாமல் ஒப்புக்கொள்வது இதைத்தான். இன்னொன்று, ஜி-6-பி-டி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்கள். சிவப்பணுவில் என்ஏடிபிஹெச் செய்வது அந்த நொதி. அது குறைந்தவர்களுக்கு மலேரியா மாத்திரையான பிரைமாகுயின் கொடுத்தாலோ, நாஃப்தலீன் அந்துருண்டை போட்டு வைத்த துணியில் பச்சைக்குழந்தையைச் சுற்றினாலோகூட சிவப்பணுக்கள் உடையும். சிறுநீர் காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் போகும். அந்த மாதிரி ஒரு சாம்பிளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தவர்களுக்கு ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் என்பது வார்த்தையாக மட்டும் இருக்காது. வேடிக்கை என்னவென்றால், அதே நோயாளிக்கு வைட்டமின் சியை ரத்தக் குழாயில் பெரிய அளவில் ஏற்றினாலும் சிவப்பணுக்கள் உடையும். எலெக்ட்ரானைக் கொடுக்கும் பொருள், இடம் மாறினால் ஹைட்ரஜன் பெராக்ஸைடையும் உண்டாக்கும்.

ஃப்ரீ ரேடிகல் எல்லாமே எதிரி என்று மேடையில் சொன்னதும் பாதிதான் சரி. நம் வெள்ளணுக்கள் கிருமியைக் கொல்ல சூப்பர்ஆக்ஸைடை வேண்டுமென்றே கொட்டுகின்றன. அதைச் செய்ய முடியாமல் பிறக்கும் குழந்தைகளுக்குத் திரும்பத் திரும்பச் சீழ்க்கட்டியும் நுரையீரல் தொற்றும் வரும். உடற்பயிற்சியின்போது தசையில் உண்டாகும் கொஞ்சம் ரேடிகல்கள், "தடுப்பைப் பலப்படுத்து" என்று செல்லுக்குச் சொல்லும் செய்தியாகவும் வேலை செய்கின்றன. 2009இல் ஜெர்மனியில் ஓர் ஆய்வு நடந்தது. இளைஞர்களை நாலு வாரம் பயிற்சி செய்ய வைத்து, பாதிப் பேருக்குத் தினம் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சியும் 400 யூனிட் வைட்டமின் ஈயும் கொடுத்தார்கள். பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்ய ஆரம்பித்தது மாத்திரை சாப்பிடாதவர்களுக்குத்தான். சின்ன ஆய்வு, பின்னால் வந்தவை எல்லாம் ஒரே குரலில் பேசவில்லை. அதனால் இதைச் சத்தியமாகச் சொல்ல மாட்டேன். ஆனாலும் சர்க்கரைக்காக நடைப்பயிற்சி போகிறவருக்கு இது காதில் விழுந்திருப்பது நல்லது.

இப்போது பீடிக்கு வருகிறேன். உங்கள் அப்பாவைப் போன்றவர்களை வைத்தே, அவர் நம்புவதை அப்படியே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். 1980களில் எல்லோருக்கும் ஒரு கண்டுபிடிப்பு உற்சாகமாக இருந்தது: காய்கறி, பழம் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கும், ரத்தத்தில் பீட்டா கரோட்டின் (கேரட்டுக்கு நிறம் தரும் பொருள்) அதிகமாக இருப்பவர்களுக்கும் நுரையீரல் புற்றுநோய் குறைவு. அப்படியானால் பீட்டா கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்தால் என்ன? ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைச் சேர்த்தார்கள், எல்லோரும் 50 முதல் 69 வயது. சிலருக்குத் தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின், சிலருக்கு வைட்டமின் ஈ, சிலருக்கு இரண்டும், சிலருக்கு வெறும் மாத்திரை. ஐந்து முதல் எட்டு வருஷம் கவனித்து 1994இல் முடிவை வெளியிட்டார்கள். பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். குறைவு இல்லை, அதிகம். நம்ப முடியாமல் பலர் தற்செயலாக இருக்கும் என்றார்கள். அப்போது அமெரிக்காவில் 18,314 பேரை வைத்து இன்னொரு ஆய்வு ஓடிக்கொண்டிருந்தது, புகைபிடிப்பவர்கள், விட்டவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் வேலை செய்தவர்கள். 30 மில்லிகிராம் பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ. அங்கே நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதமும் மரணம் 17 சதவீதமும் கூடியதால், 1996 ஜனவரியில், முடிய வேண்டிய தேதிக்கு 21 மாதம் முன்னாலேயே நிறுத்திவிட்டார்கள். இரண்டு நாடு, இரண்டு குழு, ஒரே பக்கம் சாய்ந்த முடிவு. இந்தத் துறையில் இதைவிட உறுதியாகத் தெரிந்த விஷயம் குறைவு.

அந்த ஃபின்லாந்து ஆய்விலேயே ஒரு முரண் இருக்கிறது, வகுப்பில் நான் விடாமல் சொல்வது. ஆய்வு ஆரம்பிக்கும்போது சாப்பாட்டிலிருந்து பீட்டா கரோட்டின் அதிகம் எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்குப் புற்றுநோய் குறைவாகத்தான் வந்தது. அதே பொருள், அதே மனிதர்கள். கேரட்டாக வந்தபோது ஒரு விதம், மாத்திரையாக வந்தபோது வேறு விதம். ஏன் என்பதில்தான் இன்னும் கருத்து வேறுபாடு. புகை நிறைந்த நுரையீரலில், அளவுக்கு மீறிச் சேர்ந்த பீட்டா கரோட்டின் தானே கெட்டு ரேடிகலாக மாறுகிறது என்பது ஒரு விளக்கம். காய்கறி சாப்பிடுகிறவர்களைக் காப்பாற்றியது பீட்டா கரோட்டினே இல்லை, கூட வந்த நார்ச்சத்து, பொட்டாசியம், மற்ற பொருள்கள், ஒழுங்கான வாழ்க்கை என்பது இன்னொன்று. நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன். அடித்துச் சொல்ல மாட்டேன்.

சர்க்கரைக்காரர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் ஏதாவது பலன் உண்டா என்றால், அதையும் பார்த்தார்கள். பிரிட்டனில் 20,536 பேருக்கு ஐந்து வருஷம் வைட்டமின் ஈ, சி, பீட்டா கரோட்டின் மூன்றும் சேர்த்துக் கொடுத்த ஆய்வின் முடிவு 2002இல் வந்தது. ரத்தத்தில் வைட்டமின் அளவு நன்றாக ஏறியது. மாரடைப்பு, பக்கவாதம், புற்றுநோய், மரணம் எதுவும் குறையவில்லை. கெடுதலும் இல்லை, பணம்தான் செலவு. நியாயமாக ஒரு விதிவிலக்கையும் சொல்ல வேண்டும். வயதானவர்களுக்கு விழித்திரையின் நடுப்பகுதி தேயும் நோய் ஓரளவுக்கு முற்றியிருந்தால், வைட்டமின் சி, ஈ, துத்தநாகம் உள்ள ஒரு குறிப்பிட்ட கலவை அது மேலும் மோசமாவதைக் குறைக்கிறது என்று 2001இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. 2013இல் அதிலிருந்த பீட்டா கரோட்டினை எடுத்துவிட்டு லூட்டீன் சேர்த்தார்கள், காரணம் புகைபிடிப்பவர்கள்தான். இது கண் டாக்டர் பார்த்து எழுத வேண்டியது. சர்க்கரையால் வரும் விழித்திரைக் கோளாறு இது இல்லை, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

டம்ளருக்கும் உடம்புக்கும் உள்ள இன்னொரு வித்தியாசம், உடம்புக்கு ஒரு வாசல் இருக்கிறது. 1996இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஏழு இளைஞர்களை மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியிலேயே தங்கவைத்து, வைட்டமின் சியைப் படிப்படியாகக் கூட்டிக் கொடுத்து அளந்தார்கள். தினம் 200 மில்லிகிராமைத் தாண்டினால் ரத்தத்தில் பெரிதாக ஏறுவதில்லை. மிச்சத்தைக் குடல் உறிஞ்சாது, உறிஞ்சியதையும் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். டீ, திராட்சை, மஞ்சளில் உள்ள பாலிஃபீனால்கள் என்ற தாவரப் பொருள்களின் கதை இன்னும் மோசம். குடலும் கல்லீரலும் அவற்றை உருமாற்றி அனுப்பிவிடும், ரத்தத்தில் சேர்வது துளியூண்டு. அமெரிக்காவில் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆறு பேருக்கு ஐந்தைந்து ஆப்பிள் கொடுத்து ரத்தத்தைச் சோதித்தார்கள். ஆன்டிஆக்ஸிடன்ட் ஆற்றல் ஏறியிருந்தது. தோண்டிப் பார்த்தால், ஏறியது ஆப்பிளின் பாலிஃபீனால் இல்லை, பழச் சர்க்கரையால் கூடிய யூரிக் அமிலம்! யூரிக் அமிலமும் நல்ல ஆன்டிஆக்ஸிடன்ட்தான். அதற்காக யாராவது அதை ஏற்றிக்கொள்ள ஆசைப்படுவார்களா? அது ஏறிக் கால் கட்டைவிரல் வீங்கிப் படுத்தவரைக் கேட்டுப் பாருங்கள்.

அப்படியானால் கீரையும் பழமும் வீணா என்றால், இல்லை. அவை உடம்புக்குள் நேராகப் போய் ரேடிகலைத் துடைப்பதாக நினைப்பதுதான் தப்பு. வெங்காயம், பூண்டு, முட்டைக்கோஸ், மஞ்சளில் உள்ள பல பொருள்கள் செல்லுக்கு லேசான உறுத்தலைக் கொடுக்கின்றன. அந்த உறுத்தலில் என்ஆர்எஃப்2 என்ற புரதம் விழித்துக்கொண்டு, குளுட்டாதயோனும் தடுப்பு நொதிகளும் செய்யும் மரபணுக்களைத் தட்டி எழுப்புகிறது. செல்களிலும் எலிகளிலும் இது நன்றாகத் தெரிகிறது. நாம் ரசத்திலும் குழம்பிலும் போடும் அளவுக்கு மனிதரிடம் எவ்வளவு நடக்கிறது என்பதுதான் இன்னும் முழுசாகத் தெளியாத இடம். எனக்கு இந்த விளக்கம் பிடித்திருக்கிறது, பிடித்திருப்பது ஆதாரம் ஆகாது என்பதும் தெரியும்.

சரி, எதைச் சாப்பிடுவது? அப்பாவுக்கு நான் முதலில் சொல்வது கொய்யா. 100 கிராமில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி, ஆரஞ்சைப் போல நாலு மடங்கு. சர்க்கரைக்காரர் ஜூஸாகக் குடிக்காமல் காயும் பழமுமான பதத்தில் கடித்துத் தின்னலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) ஆண்களுக்குச் சொல்வது நாளைக்கு 80 மில்லிகிராம். புகைபிடிப்பவருக்கு 35 மில்லிகிராம் கூடுதலாக வேண்டும் என்பது அமெரிக்கக் கணக்கு, ஏனென்றால் புகை அதைத் தின்றுவிடுகிறது. ஒரு நடுத்தரக் கொய்யாவில் இரண்டும் அடங்கிவிடும். நெல்லிக்காயும் அப்படியே. தேனில் ஊறினதை விட்டுவிடுங்கள், அது மிட்டாய். வாரத்தில் நாலு நாள் ஏதாவது கீரை. கரோட்டினும் வைட்டமின் ஈயும் கொழுப்பில்தான் கரையும், அதனால் பொரியலில் ஒரு ஸ்பூன் எண்ணெயும் தேங்காயும் இருப்பது குற்றமில்லை, தேவை. தக்காளியின் லைகோபீன் பச்சையாகத் தின்பதைவிட எண்ணெயில் வதங்கினால்தான் நன்றாக உறிஞ்சப்படும். ஆக, தக்காளித் தொக்குக்கு விஞ்ஞானம் தடை சொல்லவில்லை, உப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும். சுண்டலில் எலுமிச்சை பிழிந்தால் இரும்பு கூடுதலாக உறிஞ்சப்படும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது கெடும். நிலக்கடலை, எள் கைப்பிடி. தினம் பருப்பு, கூட முட்டை அல்லது மீன். மஞ்சள் சமையலில் போடும் அளவுக்குப் போதும். மிளகின் பைபெரின், மஞ்சளில் உள்ள குர்குமின் உறிஞ்சப்படுவதை மிகவும் கூட்டுகிறது என்று பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1998இல் காட்டினார்கள். அதை நம்பி இரண்டையும் கேப்ஸ்யூலில் அடைத்து விற்கிறார்கள். அப்படிச் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பாதித்திருக்கிறது, மிளகு மற்ற மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் ஏற்றிவிடும். மிளகு ரசத்துக்கு அந்தப் பயம் தேவையில்லை.

சேர்ப்பதைவிடத் தவிர்ப்பதில் லாபம் அதிகம் என்பது சமையலறையிலும் உண்மை. வடை சுட்ட எண்ணெயை வடிகட்டி வைத்து அதிலேயே மறுபடி மறுபடி சுடும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள். கறுத்து, பிசுபிசுத்து, நுரை கட்டும் எண்ணெயில் அந்த முறுக்கு டப்பாச் சங்கிலி ஏற்கெனவே முழுசாக ஓடி முடிந்திருக்கும், நாம் அதன் மிச்சத்தைத் தின்கிறோம். கடைகளில் எண்ணெய் கெடும்போது சேரும் போலார் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து சட்டமே இருக்கிறது. தெருமுனை போண்டாக் கடையில் அதை யார் அளக்கிறார்கள் என்று கேட்காதீர்கள்.

அந்த பவுடர் டப்பாவைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். பீட்டா கரோட்டின் மில்லிகிராம் கணக்கில் இருந்தாலோ, வைட்டமின் ஏ இருந்தாலோ, பீடி குடிப்பவர் அதை நிறுத்துவதுதான் சரி, இதில் எனக்குத் தயக்கம் இல்லை. வைட்டமின் ஈ 400 யூனிட் மாதிரிப் பெரிய அளவில் இருந்து, அவர் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறார் என்றால் டாக்டரிடம் டப்பாவைக் காட்டுங்கள், ரத்தக்கசிவு கூடலாம். வைட்டமின் சி மட்டும் என்றால் ஆபத்து குறைவு, ஆனால் கிராம் கணக்கில் போனால் சிறுநீரகக் கல்லுக்கு இடம் கொடுக்கும். இன்னொரு சின்ன விஷயம் லேபில் அடிக்கடி பார்த்தது: வைட்டமின் சி நிறையச் சாப்பிட்டவரின் சிறுநீரைப் பட்டையில் சோதித்தால், சர்க்கரை இருந்தும் இல்லை என்று காட்டும். பட்டையில் நிறம் வர வேண்டிய இடத்தில் வைட்டமின் சி குறுக்கே வந்து வெளுக்க வைத்துவிடுகிறது. அதே டம்ளர் வித்தைதான், இந்தத் தடவை ஏமாறுவது நோயாளி.

பீடியைப் பற்றி. பீடி அடிக்கடி அணைந்துபோகும் என்பதால் விடாமல் இழுக்க வேண்டும், ஃபில்டரும் கிடையாது. ஒவ்வொரு இழுப்பிலும் ரேடிகல்களோடு, மரபணுவில் நேராகப் போய் ஒட்டிக்கொள்ளும் புற்றுப் பொருள்களும், கார்பன் மோனாக்ஸைடும் சேர்ந்தே உள்ளே போகின்றன. எலெக்ட்ரான் கொடுத்து அடக்குகிற சமாச்சாரம் இல்லை அவை. விடுவதற்கு உதவ 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது, புகையிலைப் பாக்கெட்டுகளிலேயே அச்சிட்டிருப்பார்கள். திட்டுவதைவிட அந்த எண்ணை அப்பாவின் போனில் பதிந்து கொடுப்பது மேல்.

அவரிடம் இவ்வளவும் வாயால் சொன்னால் கேட்க மாட்டார் என்று நினைக்கிறேன், மேடையில் கண்ணால் பார்த்தவர் இல்லையா. அதனால் நீங்களும் ஒரு டம்ளர் எடுங்கள். பாதித் தண்ணீர், புண்ணுக்குப் போடும் போவிடோன் அயோடின் ஐந்து சொட்டு. அப்பா முன்னாலேயே அரை எலுமிச்சம்பழத்தைப் பிழியுங்கள், தெளிந்துவிடும். 3,400 ரூபாயைப் பற்றி அப்போதே ஒரு முடிவுக்கு வருவார். மேடையில் காட்டாத பாதி அதற்கப்புறம்தான். நிறுத்தாமல் அயோடினை இன்னும் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே இருங்கள். கொஞ்ச நேரம் மறைந்துகொண்டே வரும். எலுமிச்சை தீர்ந்த சொட்டில் பழுப்பு திரும்பி வந்து அப்படியே நிற்கும். அதற்குமேல் நீங்கள் எதுவும் பேச வேண்டாம். டம்ளரை மட்டும் உடனே கொட்டிக் கழுவிவிடுங்கள், யாராவது தண்ணீர் என்று எடுத்துக் குடித்துவிடக் கூடாது.